சனிக்கிழமைகளில் மாட்டு ஆஸ்பத்திரி

கட்கியில் நம் தொழிற்சாலை லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆடு நினைவிருக்கும். பள்ளிக்கூட மேடையில், பிரின்சிபால் நாற்காலிக்குப் பக்கத்தில், நீலக் கயிற்றோடு நின்ற ஆடு. அது மேடையிலேயே புழுக்கை போட்டதும் நாம் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கட்டிடம்வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஆடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைக் கொண்டுவந்த மேடத்தை எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பாணேரில் தன் மகள் நாய்க்கு ஸ்கேன் எடுத்த கதையைப் போட்டிருந்தார். வரவேற்பறையில் ஏசி, நாய்க்குத் தனி பெஞ்ச், டோக்கன். எல்லோரும் சிரிக்கிற முகங்களாகப் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து சேலைக்கு ஃபால் தைக்கும்போதெல்லாம் அந்த வருஷம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் நிற்கும் என்று நினைக்கிறேன். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஒன்பதாவது. தம்பி எட்டாவது. அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். காலைச் சங்கு ஊதினால் நம் லைனில் இருந்த சைக்கிள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். எல்லோருக்கும் அது சைக்கிள் சத்தம். எனக்கு மட்டும் அது அப்பா கிளம்புகிற சத்தம். மழையில் பாலம் வழுக்குமே, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதே என்று சாயங்காலம்வரை மனசுக்குள் ஓடும். சிலிண்டரை மூடினோமா என்று பாதிப் பள்ளியில் ஞாபகம் வரும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் நம் லைனுக்கு வருமா என்று டீச்சரிடமே கேட்டிருக்கிறேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். தம்பி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. இந்தியில் பயந்தாங்கொள்ளிக்கு ‘டர்போக்’ என்பார்களே, அதுதான் எனக்குப் பெயர்.

“அரே டர்போக், வெளிய பூனை நிக்கு. நான் வேணா துணைக்கு வரட்டா?”

வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு பதவி இருந்தது. அம்மாவுக்கு மராத்தி வராது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். காய்கறிப் பெயரும், ‘கமி கரா’ என்று விலை குறைக்கச் சொல்வதும், ‘ஹோ’ என்று தலையாட்டுவதும்தான் அவள் மராத்தி. ரேஷன் கடை, மாவு மில், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். எதிராளி ஒரு வாக்கியம் பேசி முடித்ததும் அம்மா அவரைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். நான் தமிழில் சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வதை மராத்தியில் சொல்வேன். சண்டையானால் இரண்டு பக்கத் திட்டையும் நானே திட்ட வேண்டியிருக்கும்.

அந்த மழைக்காலத்தில் பள்ளியில் வாராவாரம் யாரையாவது கூட்டிவந்து அவர்கள் வேலையைப் பற்றிப் பேச வைத்தார்கள். என்ன ஆகப்போகிறாய் என்றால் பையன்கள் எல்லாம் இன்ஜினியர் என்றும் பெண்கள் எல்லாம் டாக்டர் என்றும் ஒப்பித்ததில் பிரின்சிபாலுக்குச் சலித்துப்போயிருக்க வேண்டும். ஒரு வங்கி மேனேஜர் வந்தார், நாம் தூங்கினோம். ராணுவத்திலிருந்து ஒருவர் வந்தார். பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவதாக இந்த மேடம், ஆட்டோடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன மாட்டு ஆஸ்பத்திரியின் டாக்டர். பருத்திச் சேலையை இழுத்துச் செருகி, காலில் ரப்பர் செருப்பு. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அப்போது எனக்கு அவர் கிழவியாகத் தெரிந்தார்.

“மனுஷ டாக்டர்கிட்ட நீங்க போய் ‘இங்க வலிக்குது’ன்னு சொல்வீங்க,” என்றார் மராத்தியில். “இது சொல்லாது. பொய்யும் சொல்லாது. பரீட்சை அன்னைக்கு மட்டும் வயித்துவலின்னு எந்த ஆடும் என்கிட்ட வந்ததில்லை.”

நாம் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஸ்டெதஸ்கோப்பை ஆட்டின் இடப்பக்க வயிற்றில் வைத்துக் கேட்கச் சொன்னார். நான் பயந்து பயந்துதான் கிட்டே போனேன். தூரத்துச் சாலையில் பாரம் ஏற்றிய லாரி போவது மாதிரி ஒரு சத்தம் உருண்டு வந்து அடங்கியது. மறுபடி வந்தது. இந்த வயதில் என்னென்னவோ மறந்துவிட்டது, அந்தச் சத்தம் மறக்கவில்லை.

கால்நடை டாக்டர் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்தால் போகலாம், பம்பாயில் கல்லூரி இருக்கிறது, பெண்களும் போகலாம் என்றார். விருப்பமிருப்பவர்கள் சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள். எங்கள் வகுப்புத் தலைவி முதலில் தூக்கினாள். அவள் எதற்கும் முதலில் தூக்குகிறவள். என் கை எப்படி மேலே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“மாட்டு டாக்டரா? சாணிக்குள்ள நிக்கதுக்கா உன்னை இங்கிலீசு பள்ளிக்கூடத்துல போட்டிருக்கு?”

“பாக்கத்தானம்மா போறோம்.”

“நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? மாட்டுக்கு ஊசி போடுதான்னா?”

அப்பா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “போயிட்டு வரட்டும் வுடு. பூனைக்குப் பயந்தவ மாட்டுகிட்டப் போறேங்கா. இதுவே பெரிய விஷயம்லா,” என்றார்.

அந்த ஆஸ்பத்திரி ஒரு தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மாடு திமிராமல் நிறுத்த இரும்புக் குழாயால் செய்த ஒரு கூண்டு, அவ்வளவுதான். ஃபினைலும் அயோடினும் ஈரச் சாக்கும் சாணியும் கலந்த வாசனை. அலமாரியில் நீள மூக்கு வைத்த மருந்துப் புட்டிகள், பெரிய பெரிய கண்ணாடி ஊசிகள். கொதிக்கும் தண்ணீரில் அந்த ஊசிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் வளையல் சத்தம் போல இருக்கும். இப்போது அந்த இடத்தில் கார் ஷோரூம். கண்ணாடிக்குள் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் எனக்குக் கூண்டுதான் ஞாபகம் வருகிறது.

மேடத்திடம் ஒரு முறை இருந்தது. எந்த மாடு வந்தாலும் எங்களை உடனே கிட்டே விட மாட்டார். சுவரோரம் நிறுத்தி, “பக்” என்பார். பார் என்று அர்த்தம். தொடாமல், பேசாமல், பார்க்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தலைவி, “மாடு கறுப்பாக இருக்கிறது” என்றாள். ஒரு பையன், “வால் இருக்கிறது” என்றான். என் முறை வந்தபோது, அது பின்னங்காலில் ஒன்றை ஊன்றாமல் நிற்கிறது என்றேன். காதில் ஒன்று துவண்டு தொங்குகிறது என்றேன். மாட்டைக் கொண்டுவந்தவர் கயிற்றை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறது என்றேன்.

மேடம் திரும்பிப் பார்த்தார். “இவ்வளவையும் எப்படிப் பார்த்தே?”

வீட்டில் நாளெல்லாம் நான் செய்வதே அதுதானே. எங்கே என்ன கோளாறு, எது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அதை ஒருத்தர் நல்லது என்று சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று பாலத்தில் நடந்து வரும்போது ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

தசரா கழிந்து குளிர் தொடங்குவதற்குள் வீட்டிலும் பேச்சு மாறியிருந்தது. அப்பா வேலை இடத்தில் சொல்லிவைத்திருக்கிறார் போல. யாரோ அவரிடம் பம்பாய்க் கல்லூரியைப் பற்றி விசாரித்துச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது, “பத்தாவதுல சயின்ஸ்ல நல்ல மார்க் வேணுமாம். ஹாஸ்டல் இருக்காம்,” என்று பொதுவாகச் சொன்னார். அம்மா, “ஹாஸ்டல்ல இவ லைட்டை அணைச்சுட்டு ஒறங்குவாளாக்கும்,” என்றாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை எனக்கு டிபன் டப்பாவில் இரண்டு தோசை கூடுதலாக இருந்தது. மேடத்துக்கு என்றாள்.

பிறகு அந்த எருமை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ஆற்றோரம் மாட்டுக்கொட்டகை வைத்திருந்த பால்காரர் வந்து நின்றார். நம் லைனுக்கும் அவர்தான் பால் ஊற்றுவார். அவருடைய எருமை தீனி எடுக்கவில்லை, வாயில் எச்சில் ஊற்றுகிறது, கோஸ் தண்டு எதையோ விழுங்கித் தொண்டையில் சிக்கியிருக்கிறது என்றார். மேடம் எங்களைப் பார்த்தார். “வாங்க, இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது,” என்றார். அந்த உற்சாகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்களுக்குக் காட்ட ஒன்று கிடைத்துவிட்டதே என்ற உற்சாகம்.

எருமை கொட்டகைக் கடைசியில் தனியாகக் கட்டியிருந்தது. சுவரோரம் நின்றோம். “பக்.”

நான் பார்த்தேன். எச்சில் நூல் நூலாக இறங்கியது. அது கத்தியது எருமைக் கத்தலாக இல்லை. தொண்டை கட்டிய ஆள் கூப்பிடுவது போல, பாதியில் உடைந்து உடைந்து வந்தது. கட்டியிருந்த மரத்தூணைக் கடித்தது. கடித்ததை விட மறந்தது போல அப்படியே நின்றது. பின்பக்கம் லேசாகத் தள்ளாடியது. எல்லோரும் எச்சிலைச் சொன்னார்கள். என் முறை வந்தது.

“பயமா இருக்கு மேடம். போயிடலாம்.”

பையன்கள் சிரித்தார்கள். தம்பி சொல்லி வைத்திருந்த பெயர் அதற்குள் வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. “டர்போக், எருமை உன்னைக் கடிச்சிடும்!”

மேடமும் சிரித்தார். “நீ என் ஆட்டுக்குக்கூடப் பயந்தவதானே. என்ன பார்த்தே, அதைச் சொல்லு. பயத்தைச் சொல்லாதே.”

என்ன பார்த்தேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எப்போதும் பயப்படுகிறவளுக்கு எந்தப் பயம் நிஜம் என்று எப்படித் தெரியும்? நானே என்னை நம்பவில்லை. பேசாமல் வாளியைத் தூக்கிப் பிடித்தேன்.

மேடம் வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எருமையின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக் கையைத் தொண்டைக்குள் விட்டுத் துழாவினார். வெறுங்கை. அப்போதெல்லாம் அப்படித்தான். தலைவி டார்ச் அடித்தாள். “நீயும் தொட்டுப் பாரு” என்றதும் அவளும் கையை விட்டாள். இரண்டு பையன்கள் எச்சில் ஊறிய கயிற்றைப் பிடித்திருந்தார்கள். எச்சில் வழிந்து நான் பிடித்திருந்த வாளி விளிம்பிலும் என் விரலிலும் இறங்கியது. கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்த விரல்கள். சுள்ளென்று எரிந்தது.

தொண்டையில் ஒன்றும் இல்லை. மேடம் கையை வெளியே எடுத்து, எருமையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“இதை நாய் ஏதாவது கடிச்சுதா?”

பால்காரர் யோசித்தார். போன மாதமோ அதற்கு முந்தியோ ஒரு தெருநாய் கொட்டகைக்குள் புகுந்தது, மூக்கில் ஒரு கீறல் இருந்தது, மஞ்சள் வைத்ததில் ஆறிவிட்டது என்றார்.

மேடம் எங்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டினார். பார் சோப்பால் கையைத் தேய்த்துக் கழுவினோம், மறுபடி கழுவினோம், அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை. தன் கையைக் கழுவ மறந்து எங்கள் கைகளையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே எருமை செத்தது. அதன் மூளையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெறிநோய்தான் என்று வந்தது.

அந்த நாள்களில் அரசு ஆஸ்பத்திரியில் அதற்கு ஊசி வயிற்றில் போடுவார்கள், தினம் ஒன்றாக. உங்களில் சிலர் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். ஒவ்வொரு நாளும் மேடமும் எங்களோடு வரிசையில் நின்றார். நர்ஸ், “நீங்க டாக்டர்தானே, முன்னால வாங்க” என்றால் வர மாட்டார். எங்கள் எல்லோருக்கும் போட்ட பிறகு, கடைசியாகத் திரைக்குப் பின்னால் போய்ச் சேலையை விலக்கிக்கொண்டு படுப்பார். எங்கள் அம்மாக்கள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவியின் அப்பா பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சத்தம் போட்டார். சனிக்கிழமைகள் நின்றன.

மற்றவர்களுக்கு அது சீக்கிரம் வீரக்கதையாகிவிட்டது. பையன்கள் சட்டையைத் தூக்கி வீக்கத்தைக் காட்டினார்கள். தலைவி, “என் கை முட்டிவரைக்கும் உள்ளே போச்சு” என்றாள். எனக்கு அப்படி ஆகவில்லை. அந்த நோய் வந்தால் தண்ணீரைக் கண்டு பயம் வரும், விழுங்க முடியாது என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது. விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து விழுங்கிப் பார்ப்பேன். விழுங்க வேண்டுமே என்று நினைத்தாலே தொண்டை இறுகும். இறுகியதும், ஐயோ வந்துவிட்டது என்று இன்னும் இறுகும். அம்மா பக்கத்திலேயே நின்று என் தொண்டையைப் பார்ப்பாள்.

“குடிட்டி. என் கண்ணு முன்னால குடி. ஒரு வாயி.”

“எறங்க மாட்டேங்கும்மா.”

“ஐயோ, என்னங்க, இங்க வாங்களேன்! இவளுக்கு எறங்க மாட்டேங்காம்!”

அவள் பயம் எனக்கு ஏறும், என் பயம் அவளுக்கு ஏறும். டாக்டர்கள் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் என்றார்கள். மனசுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போனேன்; பின் பெஞ்சிலிருந்து ‘பௌ பௌ’ என்று குரைத்தார்கள். அப்பா, “கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்” என்றார். கொஞ்ச நாள் ஹோலிவரை நீண்டது. ஆண்டுப் பரீட்சை போய்விட்டது.

இப்போது யோசித்தால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெயிலில் வாடிய செடியை நிழலுக்கு எடுத்து வைப்பது போல என்னை எடுத்து உள்ளே வைத்தார்கள். எப்போது மறுபடி வெளியே வைப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளியில், மறுபடி ஒன்பதாவது உட்காரலாம் என்றார்கள். ஆனால் ஜூனில் தம்பி ஒன்பதாவதுக்கு வருகிறான். ஒரே வகுப்பில் அக்காவும் தம்பியும். அவன் அன்று என்னை டர்போக் என்று கூப்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “அக்கா என் கிளாஸ்ல வேண்டாம்ப்பா, எல்லாரும் அவளைக் கிண்டல் பண்ணுவாங்க, நான் தினம் சண்டை போடணும்,” என்று அழுதான்.

மே மாதம், ஒரு மத்தியானம். அப்பா ஷிப்டில். தம்பி விளையாடப் போயிருந்தான். லைன் முழுக்க வெயிலுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. வாசலில் லூனா வண்டி வந்து நின்றது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“அந்த மாட்டு டாக்டரு. நீ உள்ள போ.”

“ஏம்மா?”

“போட்டின்னா. மறுபடியும் அந்தப் பேச்செல்லாம் பேசுவா, உனக்குத் தொண்டை அடைக்கும்.”

நம் வீடுகள்தான் தெரியுமே. முன்னறை, அதற்குப் பின் சமையலறை, நடுவில் ஒரு பூப்போட்ட திரை. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“வஹினி, எப்படி இருக்கீங்க?” என்றார் மேடம். வஹினி என்றால் அண்ணி. “பொண்ணு எங்கே?”

அம்மா காதில் விழுந்து பழகிய இரண்டு சொற்களைச் சேர்த்து, “காவ்லா கேலி” என்றாள். ஊருக்குப் போயிருக்கிறாள்.

“ஓ. எப்போ வருவா?”

“ஹோ, ஹோ,” என்றாள் அம்மா.

மேடம் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. பேச ஆரம்பித்தார். திரையின் ஓரத்து இடுக்கில் அம்மாவின் பாதி முகம் எனக்குத் தெரிந்தது. மேடம் ஒரு வாக்கியம் முடித்ததும் அம்மாவின் கண் பழக்கத்தில் என்னைத் தேடித் திரைக்கு வரும். சட்டென்று திரும்பிப் போகும். அடுத்த வாக்கியம், மறுபடி திரை. அவ்வளவு காலத்தில் அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக மராத்தி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மேடம் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. இந்த வாரத்தோடு போகிறார். பிரின்சிபாலிடம் பலமுறை போய்ப் பேசியிருக்கிறார். உடம்பு சரியில்லாமல் பரீட்சை எழுதாதவள் என்று எனக்கு மட்டும் தனியாகப் பரீட்சை வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். தேறினால் ஜூனில் நேராகப் பத்தாவது. இந்த வாரத்துக்குள் நான் ஒருமுறை போய் முகம் காட்டி, எழுதுகிறேன் என்று சொன்னால் போதும்.

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

“வஹினி, அன்னைக்கு அவ மட்டும்தான் சரியாப் பார்த்தா. போயிடலாம்னு சொன்னா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். தெரியாம இல்லை. பிள்ளைங்க முன்னால கையை விட்டுக் காட்டணும்னு ஆசை, அதுல கண்ணு மறைஞ்சுபோச்சு. பயப்படாத ஆள்தான் இந்த வேலைக்கு வேணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பயப்படுற ஆள் ஒரு அடி தள்ளி நின்னு பார்ப்பா. அவளை வீட்டுல வெச்சுடாதீங்க.”

“ஹோ,” என்றாள் அம்மா. “ஹோ.”

நான் திரையைப் பிடித்தேன். ஒரு அடிதான். ஆனால் நான் வெளியே வந்தால் அம்மா பொய் சொன்னவள் ஆகிவிடுவாள், அதுவும் வீடு தேடி வந்தவர் முன்னால். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் காலை எது பிடித்து நிறுத்தியது என்று உங்களுக்குத் தெரியும்.

லூனா கிளம்பிப் போனது. அம்மா திரையை விலக்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“என்னட்டி சொன்னா? இம்புட்டு நேரம் என்ன சொன்னா?”

நான் சொன்னேன். எப்போதும் போல, ஒரு வாக்கியம் விடாமல், வரிசையாக. மாற்றலை, பரீட்சையை, பத்தாவதை, பயப்படுகிறவள் தள்ளி நின்று பார்ப்பாள் என்றதை. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, நடுவில் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மேலே சொன்னேன். அதை நானும் கவனிக்கவில்லை, அம்மாவும் கவனிக்கவில்லை.

கேட்டு முடித்து அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் ஊருக்குப் போயிட்டான்னுல்லா சொல்லிட்டேன்.”

சாயங்காலம் அப்பா வந்ததும் இருவரும் அடுப்படியில் பேசினார்கள்.

“நாளைக்கே கூட்டிட்டுப் போயிரட்டா?” என்றார் அப்பா.

“எப்படிங்க போறது? அந்த டாக்டரு பள்ளிக்கூடத்துக்கு வந்து போயிட்டு இருக்கா. திருநெல்வேலிக்குப் போன பிள்ளை மறுநாளே எங்க இருந்து குதிச்சான்னு கேட்டா? படிச்ச பொம்பளை வீடு தேடி வந்திருக்கா, அவகிட்ட வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்கேன்னு ஆகிருமே.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுத?”

“ரெண்டு மூணு நாள் போவட்டும். ரயில்ல வந்துட்டான்னு சொல்லுவோம்.”

அப்பாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது, அதுதான் கொடுமை. அந்த நாள்களில் என்னை வாசலுக்கு விடவில்லை, தண்ணீர்க் குழாயடிக்கு விடவில்லை. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “எங்க மூத்தவளைக் காணோம்?” என்றபோது அம்மா தமிழிலேயே, “ஊருக்கு,” என்றாள். நான் சமையலறையில் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு ஒருநாள் ஷிப்டுக்குப் போகும் வழியில் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிரின்சிபால் அவரை உட்கார வைத்துத்தான் பேசினாராம். பிள்ளை வெளியூரில் இருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரியவில்லை என்று மேடமே வருத்தத்தோடு வந்து சொல்லிவிட்டு, முந்தின நாள் புறப்பட்டுப் போய்விட்டாராம். அதனால் அந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டார்களாம். மேலிடத்துக்கும் எழுதிவிட்டார்களாம், இனி திறக்க முடியாதாம். மறுபடி ஒன்பதாவதுதான்.

“பொண்ணு எப்போ வந்தா?” என்று கேட்டாராம்.

அப்பா வாழ்க்கையில் பொய் சொல்லாதவர். கொஞ்சம் திணறியிருப்பார். “நேத்து ராத்திரி,” என்றாராம்.

“பாவம். ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா போதுமே.”

சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, இதையெல்லாம் அப்பா எங்களிடம் சொன்னார். கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு நாள் முந்தி வந்திருக்கலாம்,” என்று தானும் ஒருதரம் சொன்னார். நான் நிஜமாகவே எங்கேயோ போயிருந்தது போல. அம்மா சோறு போட்டாள்.

ஜூனில் தம்பி ஒன்பதாவதுக்குப் போனான். என்னைத் தையல் வகுப்பில் சேர்த்தார்கள். மேடம் எந்த ஊருக்குப் போனார், இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது.

உறவில் யாராவது, ‘மூத்தவ ஏன் மேலே படிக்கல?’ என்று கேட்டால் அம்மா சாகும்வரை ஒரே பதில்தான் சொன்னாள். “பரீட்சை நேரத்துல இவ ஊருக்குப் போயிருந்தா. வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.” சொல்லச் சொல்ல அவளுக்கு அதில் ரயிலின் பெயர்கூட வந்துவிட்டது, சோலாப்பூரில் வண்டி நின்றுபோனதும் வந்துவிட்டது. அப்பா தலையாட்டுவார். தம்பி இன்றைக்கும் அதையே தன் பிள்ளைகளிடம் சொல்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உங்களில் பலருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நான் அந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. திரைக்குப் பின்னால்தான் இருந்தேன்.